ஆயிரத்து நானூறு பேருக்கு ஒரு கூட்டம் போதாது: மகளிர் குழுக்களும் பச்சிளங்குழந்தைகளின் உயிரும்

பங்களாதேஷின் பொக்ரா, ஃபரீத்பூர், மௌல்விபஜார் மாவட்டங்களில் 2005-இல் ஒரு பெரிய கள ஆய்வு தொடங்கியது. ஊர்ப் பெண்களை மாதம் ஒருமுறை கூட்டி, பேறுகாலத்தில் தாய்க்கும் குழந்தைக்கும் நேரும் ஆபத்துகளைப் பற்றிப் பேசவைத்து, அவர்களே தீர்வு தேடும்படி செய்தால் பச்சிளங்குழந்தைகளின் சாவு குறையுமா என்று பார்ப்பதே நோக்கம். பங்களாதேஷ் நீரிழிவுச் சங்கத்தின் பேறுகாலப் பராமரிப்புத் திட்டத்தினரும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்தினார்கள். முடிவு ஏமாற்றம்தான். குழுக்கள் இயங்கிய பகுதிகளில் ஆயிரம் பிறப்புக்கு 33.9 குழந்தைகள் 28 நாளுக்குள் இறந்தன. குழுக்கள் இல்லாத பகுதிகளில் 36.5. புள்ளியியல் கணக்கில் இதை வித்தியாசம் என்றே சொல்ல முடியாது.

அதே ஆய்வாளர்கள், அதே மாவட்டங்களில், 2009-இல் மறுபடி தொடங்கினார்கள். கூட்டத்தின் முறையும் கிட்டத்தட்ட அதேதான். இந்த முறை குழு இருந்த பகுதிகளில் ஆயிரத்துக்கு 21.3, இல்லாத பகுதிகளில் 30.1. பகுதிகளுக்கிடையே இருந்த மற்ற வேறுபாடுகளைச் சரிக்கட்டிய கணக்கில் 38% குறைவு.

பெரிதாக மாறியது ஒன்றுதான். முதல் ஆய்வில் 1,414 பேருக்கு ஒரு குழு இருந்தது. இரண்டாவதில் 309 பேருக்கு ஒன்று. ஏற்கெனவே இருந்த 162 குழுக்களோடு 648 குழுக்களைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள்.

மகளிர் குழுக்கள் வழியாகத் தாய் சேய் நலம் காப்பது ‘குறைந்த செலவில் நிறைந்த பயன்’ என்று உலக சுகாதார நிறுவனத்திலிருந்து மாவட்டக் கருத்தரங்குகள் வரை எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் எந்த அளவுக்குச் செய்தால் உண்மை என்ற பாதியை விட்டுவிட்டு, ‘குறைந்த செலவு’ என்ற பாதியை மட்டும் பிடித்துக்கொள்ளும் திட்டங்கள் ஏராளம். அந்த விடுபட்ட பாதியைத்தான் இங்கே விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கூட்டத்தில் என்ன நடக்கிறது

மகளிர் குழு என்றதும் தமிழ்நாட்டு வாசகருக்கு நினைவுக்கு வருவது சேமிப்பும் கடனும். 1989-இல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு தொடங்கிய சுயஉதவிக் குழுக்கள் இன்று எல்லாக் கிராமங்களிலும் இருக்கின்றன. இங்கே பேசப்படும் குழுவில் பணம் மையமல்ல. சில இடங்களில் ஏற்கெனவே இருந்த சேமிப்புக் குழுவே இதற்கும் கூடியது என்பது மட்டும்தான் தொடர்பு.

இந்த முறையின் முன்னோடி பொலிவியாவில், மலைகள் நிறைந்த இன்கிசிவி மாகாணத்தில் 1990-களின் தொடக்கத்தில் நடந்த ‘வார்மி’ திட்டம். ஆயிரத்துக்கு 117 ஆக இருந்த பிறப்பையொட்டிய இறப்பு (வயிற்றிலேயே இறப்பதும் பிறந்த ஒரு வாரத்துக்குள் இறப்பதும் சேர்ந்தது) 44-க்கு இறங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஊர்கள் இல்லாததால், குறைந்ததற்குக் குழுக்கள்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் நேபாளத்தில் தர்ம மானந்தரின் ‘மீரா’ அமைப்பும் ஆண்டனி காஸ்டெல்லோ, டேவிட் ஆஸ்ரின் ஆகியோரின் லண்டன் குழுவும் மக்வான்பூர் மாவட்டத்தில் முறையான ஆய்வில் இறங்கினார்கள். ‘கிராம வளர்ச்சிக் குழு’ எனப்பட்ட உள்ளாட்சிப் பகுதிகள் 24-ஐ 12 இணைகளாக்கி, ஒவ்வோர் இணையிலும் ஒன்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து அங்கே மட்டும் குழுக்களைத் தொடங்கினார்கள். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் வீட்டில் நடந்த மாவட்டம் அது.

கூட்டத்தை நடத்துபவர் மருத்துவரோ செவிலியரோ அல்ல, உள்ளூர்ப் பெண். ஓரளவு படித்தவர், அந்த ஊர்ப் பேச்சு பேசுபவர். அவர் பாடம் நடத்துவதில்லை. முதல் சில மாதங்கள், இந்த ஊரில் கர்ப்பிணிகளுக்கும் பிறந்த குழந்தைகளுக்கும் என்னென்ன ஆகிறது என்று பெண்களே சொல்கிறார்கள். படஅட்டைகளைப் பரப்பி, எது அடிக்கடி நடக்கிறது, எது கொல்கிறது என்று ஓட்டுப் போட்டு வரிசைப்படுத்துகிறார்கள். பிறகு ஒரு கதை. குழந்தை பிறந்தது, மூன்றாம் நாள் பால் குடிக்கவில்லை, ஐந்தாம் நாள் இறந்தது. ஏன் இறந்தது? காய்ச்சல். ஏன் காய்ச்சல்? தொப்புள்கொடி சீழ்பிடித்தது. ஏன்? கொடியைக் கழுவாத கத்தியால் அறுத்தார்கள். ஏன் கழுவவில்லை? வலி வந்தபோது வீட்டில் எதுவும் தயாராக இல்லை. ஏன் தயாராக இல்லை? முன்கூட்டித் துணி, நூல், பிளேடு எல்லாம் எடுத்துவைப்பது அபசகுனம் என்று மாமியார் சொன்னார். அந்தக் கடைசி ‘ஏன்’ வரும்போது கூட்டத்தில் மாமியார்களும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் இந்த முறையின் பலம். சுவரொட்டியும் வானொலி விளம்பரமும் அந்த இடத்துக்கு வந்து சேர்வதேயில்லை.

அடுத்த கட்டத்தில் தீர்வுகள். மக்வான்பூரில் சில குழுக்கள் அவசர நிதி சேர்த்தன, சில தூக்குப்படுக்கை செய்து வைத்தன, சில சுத்தமான பிரசவத்துக்கான பொருள்களைப் பைகளாகக் கட்டிக் கொடுத்தன. அதன்பின் ஊர்க்கூட்டம் போட்டு ஆண்களிடமும் பெரியவர்களிடமும் சொல்லி ஆதரவு கேட்டார்கள். கடைசிக் கட்டத்தில், செய்தது பலித்ததா என்று அவர்களே மதிப்பிட்டார்கள்.

2004-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவு வெளியானது. குழுக்கள் இருந்த பகுதிகளில் பச்சிளங்குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 26.2, இல்லாத பகுதிகளில் 36.9. தாய்மார் இறப்பில் இடைவெளி இன்னும் பெரிது: ஓரிடத்தில் 2 பேர், மற்றதில் 11 பேர். இந்த இரண்டாவது எண்ணை நிதானமாகத்தான் படிக்க வேண்டும். இத்தனை சிறிய எண்ணிக்கையில் தற்செயலுக்கு இடம் அதிகம். ஆய்வு தாய்மார் இறப்பை அளக்க வடிவமைக்கப்பட்டதும் அல்ல. குழந்தைகளைப் பற்றிய எண்தான் உறுதியானது.

பிறகு ஜார்க்கண்ட், ஒடிசா. பிரசாந்த திரிபாதியும் நிர்மலா நாயரும் தொடங்கிய ‘ஏக்ஜுட்’ அமைப்பு 2005 முதல் 2008 வரை மேற்கு சிங்பூம், சராய்கேலா கர்சாவான், கேந்துஜர் மாவட்டங்களில், பெரும்பான்மையும் பழங்குடி மக்கள் வாழும் ஊர்களில், 244 குழுக்களோடு வேலை செய்தது. மூன்றாண்டுகளில் பச்சிளங்குழந்தை இறப்பு 32% குறைந்தது. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளை மட்டும் எடுத்தால் 45%. மூன்றாம் ஆண்டில் தாய்மாரின் மிதமான மனச்சோர்வும் 57% குறைந்திருந்தது. மருத்துவமனைக்குப் போவது பெரிதாகக் கூடவில்லை. வீட்டுப் பிரசவம் வீட்டிலேயே தொடர்ந்தது. ஆனால் பிரசவம் பார்ப்பவர் கை கழுவினார், கொதிக்கவைத்த நூலால் கொடியைக் கட்டினார், தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்காமலிருந்தார்கள். குழந்தைகள் பிழைத்தது இந்த எளிய காரியங்களால்தான்.

எனக்கு இவற்றில் மிக முக்கியமாகப் படுவது பிறகு வந்த ஒரு பகுப்பாய்வு. ஏக்ஜுட் தரவுகளை ஏழ்மை, சாதி, கல்வி வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, மிகவும் விளிம்பில் இருந்தவர்களிடையே இறப்பு 59% குறைந்திருந்தது, மற்றவர்களிடையே 36%. பொது சுகாதாரத்தில் புதிதாக எது வந்தாலும் வசதியுள்ளவர்களை முதலில் எட்டி, இல்லாதவர்களிடம் கடைசியில் வந்து சேருவதுதான் வழக்கம். இங்கே அந்த ஒழுங்கு தலைகீழாகியிருக்கிறது.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது

செலவுத்திறன் என்பது மலிவு அல்ல. ஒரு வேலைக்குக் கூடுதலாகச் செலவழித்த தொகையை, அதனால் கூடுதலாகக் கிடைத்த பயனால் வகுத்தால் வருவது. பயன் என்பது இங்கே காப்பாற்றப்பட்ட உயிர், அல்லது அந்த உயிர் வாழப்போகும் ஆண்டுகள்.

மக்வான்பூரில் குழுக்களை நடத்த மக்கள்தொகையில் தலைக்கு ஆண்டுக்கு 75 அமெரிக்க சென்ட் ஆனது. காப்பாற்றிய ஒவ்வொரு பச்சிளங்குழந்தைக்கும் 3,442 டாலர். ஓர் ஆயுள் ஆண்டுக்கு 111 டாலர். சுகாதார நிலையங்களை மேம்படுத்திய செலவையும் சேர்த்தால் 4,397, 142. ஏக்ஜுட்டில் குழந்தைக்கு 910 டாலர், அன்றைய மதிப்பில் நாற்பதாயிரம் ரூபாயை ஒட்டி. ஆயுள் ஆண்டுக்கு 33. சுகாதார சேவை மேம்பாட்டையும் சேர்த்தால் 1,308, 48.

ஒவ்வொன்றிலும் இரண்டு எண்கள் வருவதைப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை. சுகாதார சேவை மேம்பாடு குழு இருந்த பகுதிகளிலும் இல்லாத பகுதிகளிலும் சமமாகச் செய்யப்பட்டது. எனவே குழுவின் தனிப் பயனை அளக்கச் சிறிய எண் சரி. ஆனால் ஒரு மாநில அரசு இதைச் செய்ய நினைத்தால் பெரிய எண்ணைத்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். குழுவில் பேசித் தெளிந்த பெண் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது அங்கே ஆளும் மருந்தும் இருக்க வேண்டுமே.

கவனித்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். 910-ஐ 33-ஆல் வகுத்தால் 28-ஐ ஒட்டி வருகிறது. 3,442-ஐ 111-ஆல் வகுத்தால் 31. அதாவது பிழைத்த ஒரு குழந்தைக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு ஆயுள்தான் கணக்கில் ஏறியிருக்கிறது. உண்மையில் அந்தக் குழந்தை அறுபது, எழுபது ஆண்டுகள் வாழக்கூடும். பொருளாதார வல்லுநர்கள் எதிர்கால ஆண்டுகளின் மதிப்பை வழக்கமாக ஆண்டுக்கு 3% வீதம் கழித்துக்கொண்டே போவார்கள். ஐம்பது வயதில் அவர் வாழப்போகும் ஓர் ஆண்டு, இன்றைய கணக்கில் கால்பங்குக்கும் குறைவாகிவிடும். இந்தக் கழிவு சரியா என்ற வாதம் நெடுங்காலமாக நடக்கிறது. குழந்தைகளைக் காப்பாற்றும் திட்டங்கள் எல்லாமே காகிதத்தில் தம் உண்மையான பயனைவிடச் சிறியதாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

அதே செலவில் வேறென்ன கிடைத்தது என்பதும் வகுத்தலில் வருவதில்லை. மனச்சோர்வு குறைந்தது இந்த 33 டாலர் கணக்கில் இல்லை. பிழைத்த தாய்மாரும் அந்தக் கணக்கில் இல்லை. முதல் முறையாக ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசிய பெண்ணுக்கு அதனால் வந்த துணிவுக்கு அளவுகோலே கிடையாது.

சரி, 33 டாலர் என்பது சிறிய தொகையா? நெடுங்காலம் பயன்பட்ட அளவுகோல், உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒன்று: ஆரோக்கியமான ஓர் ஆயுள் ஆண்டைப் பெற ஆகும் செலவு ஒரு நாட்டின் தனிநபர் உள்நாட்டு உற்பத்திக்குக் கீழே இருந்தால் ‘மிகுந்த செலவுத்திறன்’, மூன்று மடங்குக்குள் இருந்தால் ‘செலவுத்திறன்’. அந்த ஆண்டுகளில் இந்தியாவின் தனிநபர் உற்பத்தி ஏறத்தாழ ஆயிரம் டாலர். அதன் முன் 33 மிகச் சிறியது. ஆனால் இந்த அளவுகோல் மிகத் தாராளமானது. இதன்படி பார்த்தால் எதுவுமே தேறிவிடும்; தேறியதையெல்லாம் வாங்க எந்த ஏழை நாட்டிடமும் பணம் இராது. இதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்களே பிறகு எழுதினார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இதே பணத்தை இதே மாவட்டத்தில் வேறெதில் போட்டால் இதைவிட அதிகக் குழந்தைகள் பிழைக்கும்? மலாவியின் மிச்சிஞ்சி மாவட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கு நேரடியாக இடம் கொடுத்தது. அங்கே குழுக்களோடு, வீடு தேடிச் சென்று தாய்ப்பால் பற்றியும் குழந்தைப் பராமரிப்பு பற்றியும் சொல்லும் தன்னார்வலர்களையும் சோதித்தார்கள். இழப்பிலிருந்து மீட்ட ஓர் ஆயுள் ஆண்டுக்குக் குழுக்களுக்கு 114 டாலர், வீடு தேடிச் சென்றவர்களுக்கு 33 டாலர் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. எல்லா இடத்திலும் குழுதான் முதல் என்று சொல்லிவிட முடியாது.

நேபாளத்துக்கும் கிழக்கு இந்தியாவுக்கும் செலவில் ஏன் இத்தனை வித்தியாசம்? என் கணிப்பில் மூன்று காரணங்கள் சேர்ந்திருக்கின்றன. மக்வான்பூரில் ஒரு பெண் மாதம் ஒன்பது குழுக்களை நடத்தினார், ஏக்ஜுட்டில் பதின்மூன்று. சம்பளம்தான் இந்த வேலையின் பெருஞ்செலவு. எனவே ஒருவர் எத்தனை குழுக்களைப் பார்க்கிறார் என்பது நேரே கணக்கில் தெரியும். மலைப்பாதையில் அடுத்த ஊருக்குப் போக ஆகும் நேரமும் அதற்குள் அடங்கியிருக்கிறது. இரண்டாவது, ஏக்ஜுட்டின் 244 குழுக்களில் 172 ஏற்கெனவே இருந்தவை. ஆள் சேர்க்கும் வேலை பாதிக்கு மேல் மிச்சம்.

மூன்றாவதுதான் பெரியது. ஏக்ஜுட் தொடங்கும்போது அந்த ஊர்களில் ஆயிரத்துக்குச் சுமார் 58 பச்சிளங்குழந்தைகள் இறந்துகொண்டிருந்தன. அதை 30% குறைத்தால் ஆயிரம் பிறப்புக்குப் பதினேழு பேர் பிழைப்பார்கள். தொடக்கத்தில் 20 என்றால் அதே 30% ஆறு பேரைத்தான் காக்கும். கூட்டம் நடத்தும் செலவு மாறாது. ஓர் உயிருக்கான செலவு மூன்று மடங்காகிவிடும். பிறப்பு இறப்புகளைக் கணக்கிடும் இந்திய அரசின் மாதிரிப் பதிவு முறையின் 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் இந்த விகிதம் 9. ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடக்கும் மாநிலம் இது. இங்கே மிஞ்சியிருக்கும் சாவுகள் பெரும்பாலும் குறைமாதப் பிறப்பும் பிறவிக் கோளாறுமாக, மருத்துவமனைக்குள் தீர்க்க வேண்டியவை. ஏக்ஜுட் முறையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் அதே 33 டாலர் கணக்கு எழாது. மும்பையின் குடிசைப் பகுதிகளில் நடந்த ஆய்வே இதற்குச் சான்று. அங்கேயும் பெண்கள் கூடினார்கள், பேசினார்கள். இறப்பு குறையவில்லை. மருத்துவமனைப் பிரசவம் ஏற்கெனவே பரவிவிட்ட, அக்கம்பக்கத்தார் அடிக்கடி வீடு மாறும் நகரத்தில், ஊர் ஒன்றாக முடிவெடுக்கும் வழிமுறைக்கு வேர் பிடிக்க மண் குறைவு.

பாதிப் பணத்துக்குப் பாதிப் பயன் கிடையாது

இனி பங்களாதேஷுக்குத் திரும்பலாம். 1,414 பேருக்கு ஒரு குழு என்று வைத்தால், கர்ப்பமாக இருக்கும் பெண்களில் மிகச் சிலர்தான் கூட்டத்துக்கு வருவார்கள். அப்படித்தான் நடந்தது. 309 பேருக்கு ஒன்று என்றபோது, புதிதாகக் கருவுற்றவர்களில் 36% பேர் வந்தார்கள். மக்வான்பூரில் 37%. ஏக்ஜுட்டில் 468 பேருக்கு ஒரு குழு. முதலாண்டில் கர்ப்பிணிகளில் 18% பேர் வந்தார்கள், மூன்றாம் ஆண்டில் 55%. இறப்பு பெருமளவு குறைந்தது இரண்டாம் ஆண்டிலிருந்துதான் என்பதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்.

நேபாளம், இந்தியா, பங்களாதேஷ், மலாவி நாடுகளின் ஏழு ஆய்வுகளையும், 1,19,428 பிறப்புகளையும் ஒன்றாக்கி 2013-இல் ‘லான்செட்’ வெளியிட்ட தொகுப்பாய்வு இதை எண்ணால் சொன்னது. ஏழு ஆய்வுகளையும் சேர்த்தால் பச்சிளங்குழந்தை இறப்பு 23% குறைவு. கர்ப்பிணிகளில் 30 விழுக்காட்டினராவது பங்கேற்ற நான்கு ஆய்வுகளை மட்டும் எடுத்தால் 33%.

ஏன் இந்த எல்லைக்கோடு? ஒரு கிராமத்தில் குழந்தையை எப்போது குளிப்பாட்டுவது, சீம்பாலைப் பீய்ச்சி எறிவதா கொடுப்பதா என்பதைக் கர்ப்பிணி தனியாகத் தீர்மானிப்பதில்லை. மாமியார், பிரசவம் பார்க்கும் பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா, கணவர் எல்லோரும் சேர்ந்துதான் அந்த வழக்கம் நிற்கிறது. கூட்டத்துக்குப் போய்வந்த ஒரே ஒரு மருமகள் ‘இன்று குளிப்பாட்ட வேண்டாம்’ என்றால் அது அடங்காத பேச்சு. தெருவில் மூன்றில் ஒரு வீட்டில் அதே பேச்சு எழுந்தால் அது ஊர்வழக்காகத் தொடங்கிவிடும். கூட்டத்துக்கே வராத வீடும் அதைப் பின்பற்றும். ஆகவே பயன் சிறுகச் சிறுகக் கூடுவதில்லை. ஓர் அளவுவரை ஒன்றுமில்லை, அதைத் தாண்டினால் நிறைய. பாதி ஆழத்தில் நிறுத்திய கிணற்றில் பாதித் தண்ணீர் ஊறாதது போலத்தான்.

திட்டம் போடுபவர்களுக்கு இது மிகவும் நடைமுறையான செய்தி. பங்களாதேஷின் முதல் ஆய்வில் தலைக்கான செலவு குறைவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பயன் இல்லாததால் அது மிக விலை உயர்ந்த திட்டம். இரண்டாவதில் குழுக்கள் ஐந்து மடங்கு. அங்கே மீட்ட ஆயுள் ஆண்டு ஒன்றுக்கு 220 முதல் 393 டாலர் வரை ஆனது. ஏக்ஜுட்டில் ஆனதைவிடப் பல மடங்கு என்றாலும், இந்தப் பணத்துக்கு உயிர்கள் கிடைத்தன. நிதி குறையும்போது பத்து வட்டாரத்திலும் மெல்லியதாகப் பரப்புவதைவிட, மூன்று வட்டாரத்தில் அடர்த்தியாகச் செய்வதுதான் நியாயம். அரசியலுக்கு இது கசக்கும். விட்டுப்போன ஏழு வட்டாரத்தின் சட்டமன்ற உறுப்பினர்களும் கேட்பார்கள். அதற்காகப் பத்திலும் பரப்பினால், பத்திலும் பெயர்ப்பலகைதான் மிஞ்சும்.

2014-இல் உலக சுகாதார நிறுவனம் இந்த முறையைப் பரிந்துரைத்தபோது, குறிப்பாக மருத்துவ வசதி குறைந்த கிராமப்புறங்களுக்கு என்று சொன்னது. அந்த வரம்பு முக்கியம்.

ஆய்விலிருந்து அரசுத் திட்டத்துக்கு

தொண்டு நிறுவனம் பொறுக்கி எடுத்த ஆட்களோடு, வாரந்தோறும் மேற்பார்வையோடு நடத்திய வேலை அரசுக் கைக்கு மாறினால் நீர்த்துப்போகும் என்பது நியாயமான அச்சம். ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் ஐந்து மாவட்டங்களில் ஏக்ஜுட் அதைத்தான் அடுத்துச் சோதித்தது. இந்த முறை கூட்டத்தை நடத்தியவர்கள் ஆஷா பணியாளர்கள், அதாவது அரசின் சுகாதாரத் திட்டங்களுக்காகத் தம் ஊரிலேயே வேலை செய்யும் பெண்கள். ஜார்க்கண்டில் அவர்களைச் சஹியா என்பார்கள். 2016-இல் வெளியான முடிவு: குழு இருந்த இடத்தில் ஆயிரத்துக்கு 30, இல்லாத இடத்தில் 44.

பிறகு ஜார்க்கண்ட் அரசே தேசிய சுகாதார இயக்கத்தின் வழியாக 24 மாவட்டங்களில் 20-இல் இதைக் கொண்டுசென்றது. 2021-இல் வெளிவந்த மதிப்பீட்டின்படி பச்சிளங்குழந்தை இறப்பு 24% குறைந்தது. சுமார் 42 மாதங்களில் ஏறத்தாழ 11,800 குழந்தைகள் பிழைத்திருக்கலாம் என்பது கணிப்பு. கீழ்வரம்பு ஆயிரத்தை ஒட்டியும் மேல்வரம்பு இருபதாயிரத்தைத் தாண்டியும் இருக்கும் அகன்ற கணிப்பு அது. ஆனாலும் ஆய்வுக்கூடத்துப் பயிர் அரசு வயலிலும் விளைந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து இல்லை. வாங்கும் சக்தியைச் சரிசெய்த பன்னாட்டு டாலரில், காப்பாற்றிய ஓர் ஆயுள் ஆண்டுக்கு 41 ஆனது.

செலவு இப்படிக் குறைவாகவே நின்றதற்கு ஒரு காரணம், ஆஷாக்கள் ஏற்கெனவே இருந்தார்கள் என்பது. அவர்களைத் தேர்ந்தெடுத்த செலவு, பயிற்சி கொடுத்த செலவு, ஊரில் அவர்கள் சம்பாதித்து வைத்திருந்த நம்பிக்கை எல்லாம் வேறு கணக்கில் அடங்கிவிட்டன. ஆஷா ஊழியர் அரசுக் கணக்கில் தன்னார்வலர். மாதச் சம்பளக்காரர் அல்ல. செய்யும் வேலைக்கு ஊக்கத்தொகை. ஒரு கூட்டம் நடத்த அவர் முதல் நாள் வீடு வீடாகப் போய் அழைக்க வேண்டும், படஅட்டைகளைத் தூக்கிக்கொண்டு குக்கிராமத்துக்கு நடக்க வேண்டும், இரண்டு மணிநேரம் பேசவைக்க வேண்டும், வராத கர்ப்பிணியின் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். கையில் கிடைக்கும் தொகை இதில் எத்தனை மணிநேரத்துக்கு ஈடு?

கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்த பெண்களின் நேரமும் அப்படித்தான். பெரும்பாலான கணக்குகள் சேவை வழங்குபவரின் செலவை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. மாதம் ஒரு பிற்பகல், இருபது கூட்டங்கள். அந்த நேரத்தில் விட்டுப்போன கூலியும், விறகும், தண்ணீரும் யாருடைய கணக்கிலும் இல்லை. கூட்டம் அவர்களுக்குப் பிடித்திருந்தது, விரும்பித்தான் வந்தார்கள் என்பது உண்மை. விரும்பி வந்தவர்களின் நேரத்துக்கு விலை பூஜ்யம் என்று ஆகிவிடாது.

இதைச் சேர்த்துக் கணக்கிட்டால் 33 டாலர் ஐம்பதாகலாம், அறுபதாகலாம். அப்போதும் தாய் சேய் நலத்தில் இதைவிடக் குறைந்த செலவில் இத்தனை குழந்தைகளைக் காக்கும் வழிகள் அதிகமில்லை. ஆகவே ஆஷாவுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் திட்டம் கட்டுப்படியாகாது என்ற வாதம் இந்த எண்களின் முன் நிற்காது. மாறாக, அவருக்குக் குறைவாகக் கொடுப்பதால் என்ன ஆகும் என்று யோசிக்கலாம். பத்துக் கூட்டம் நடக்க வேண்டிய மாதத்தில் ஆறு நடக்கும். நான்கு ஏட்டில் மட்டும் நடக்கும். மேலே போகும் அறிக்கையில் பத்தும் இருக்கும். 309 பேருக்கு ஒன்று என்று தொடங்கிய குழுக்கள் யாரும் அறியாமல் 1,414 பேருக்கு ஒன்றாகிவிடும்.

இதனால்தான் இப்படிப்பட்ட திட்டங்களில் ‘எத்தனை கூட்டம் நடந்தது’ என்று மட்டும் எண்ணும் பதிவேடு போதாது. இந்த ஊரில் சென்ற காலாண்டில் கருவுற்றிருந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் ஒரு கூட்டத்துக்காவது வந்தவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களை வட்டார மருத்துவ அலுவலர் ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் கேட்க வேண்டும். இரண்டுமே ஆஷாவின் நோட்டில் ஏற்கெனவே இருப்பவைதான். விகிதம் முப்பது விழுக்காட்டுக்குக் கீழே போன ஊரில், புதிய படஅட்டைகளும் மறுபயிற்சியும் அனுப்புவதற்கு முன் அங்கே இன்னொரு குழுவையும், அதை நடத்த ஊதியத்தோடு இன்னொரு பெண்ணையும் சேர்க்க வேண்டும்.